மெஷினுக்கு இரண்டு வத்தி

மஸ்கட்
2-6-1996

அன்புள்ள லீலாவுக்குக் கந்தசாமி எழுதுவது. நான் நலம். வெயிலைத் தவிர இங்கே குறை ஒன்றும் இல்லை. நீயும் சோனியாவும் சுகமாக இருக்கிறீர்களா? அவளுக்கு முன்பல் முளைத்துவிட்டதா?

உன் கடிதம் வந்தது. ஐந்தாவது மெஷினும் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாய். நான் புறப்படும்போது மூன்று ஓடிக்கொண்டிருந்தன. சர்க்யூட் போர்டு போய்விட்டது, இவ்வளவு பழைய சரக்குக்கு இனி போர்டு கிடைக்காது என்று பெங்களூர் மெக்கானிக் படம் கலைவதைப் பார்த்தே அப்போது சொன்னார். பம்பாயில் மூடிக்கொண்டிருந்த கடையிலிருந்து வீடியோ கேம் மெஷின்களை லாரியில் ஏற்றி வந்தது என் புத்தி. பேசாமல் ஓட்டலில் ஏ.சி. மெக்கானிக்காகவே இருந்திருக்கலாம்.

யோசித்து முடிவு செய்துவிட்டேன். ஐந்தையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடு. கௌரம்மா கடையைத் தீபாவளிக்குள் திருப்பிக் கேட்கிறார் அல்லவா, சாவியைக் கொடுத்துவிடு. சோனியாவுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு கௌதள்ளிக்குப் போய் அம்மாவோடு இரு. டிசம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. கடை இல்லை என்றால் ஊருக்கு வந்து என்ன செய்வேன்? இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவேன்.

விற்கிற நாள்வரை பூஜையை மட்டும் நிறுத்தாதே. நான் செய்துவந்தபடியே கடை திறந்ததும் மெஷினுக்கு இரண்டு வத்தி, கீழே உள்ள காற்றுத் துவாரத்தில் செருகி வை. நம்மைக் காப்பாற்றாவிட்டாலும் நமக்குச் சோறு போட்டவை.

சோனியாவுக்கு என் முத்தம்.
கந்தசாமி


மைசூர்
20-6-1996

மாமாவுக்கு லீலாவின் வணக்கம். நாங்கள் இருவரும் நலம். சோனியாவுக்கு ஒரு பல் முளைத்து, இன்னொன்று ஆடுகிறது. வெயிலில் அலையாதீர்கள். மோர் கிடைத்தால் குடியுங்கள்.

பள்ளிக்கூடம் இப்போதுதான் திறந்திருக்கிறது. அரைப்பரீட்சை முடியாமல் டி.சி. கேட்க வேண்டாம் என்று பெரிய டீச்சர் சொல்கிறார். கௌரம்மா நேற்று வந்திருந்தார். "நோடு லீலா, இங்கே பாரு, ஓடாத மெஷினுக்கு எதுக்கம்மா ஒரு கடை? ஓடினா நான் கேக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பக்கத்துக் கடை சென்னப்பனின் ஜெராக்ஸ் மெஷின் சூடாகி நின்றுவிடுகிறது. அதற்குள் சதுரமாக ஒரு சின்ன ஃபேன் இருக்கிறதாம். நாலே முக்கால் அங்குலம், ஒன்றரை அங்குலக் கனம். முதலில் கிர்ரென்று கத்தி, பிறகு சுற்றுவதையே விட்டுவிட்டது. எண்ணெய் விட்டால் சரியாகுமா என்று கேட்கச் சொன்னார். பாவம், பிழைப்பு கெடுகிறது. விவரமாக எழுதுங்கள்.

அத்தை நலம் என்று கௌதள்ளியிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.

உங்கள் லீலா


மஸ்கட்
4-7-1996

அன்புள்ள லீலாவுக்கு, நலம். மோர் இங்கே டப்பாவில் வருகிறது. நீ சொன்னதற்காகக் குடித்தேன்.

சென்னப்பனிடம் சொல். ஃபேனின் நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிளப்பினால் அச்சு தெரியும். அங்கே தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. விட்டபின் வாயால் ஊத வேண்டும். ஊதினால் சுற்ற வேண்டும், ஊதுவதை நிறுத்தியபின்னும் கொஞ்சம் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. எண்ணெயில் ஒரு வாரம் ஓடும், மறுபடி பிடித்துக்கொள்ளும். புதியதுதான் போட வேண்டும். புஷ் வைத்ததை வாங்கக் கூடாது, குண்டு பேரிங் வைத்தது வேண்டும். புஷ் சூட்டில் லூஸாகிவிடும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக் கடைகளில் கேட்டுப் பார்க்கட்டும்.

மெஷின்களை இரும்புக்காரர் வந்து பார்த்தாரா? நீ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

கந்தசாமி


மைசூர்
21-7-1996

மாமாவுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல். ஆடி மழை விடாமல் பெய்கிறது. சோனியா வகுப்பில் இரண்டாம் ரேங்க். முதல் ரேங்க் வாங்கிய பெண் மூன்று பென்சில் வைத்திருந்தாளாம், அதனால்தானாம்.

இரும்புக்காரர் மழையில் வர முடியவில்லை போலிருக்கிறது.

நீங்கள் சொன்னபடி சென்னப்பன் எண்ணெய் விட்டார். சரியாக ஆறு நாள் ஓடியது. பிறகு பெங்களூர் போய் ஒரு புது ஃபேன் வாங்கி வந்து மாட்டினார். பேரிங் வைத்தது கிடைக்கவில்லை, புஷ்தான். ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, மெஷின் மட்டும் முன்பைவிடச் சீக்கிரம் நின்றுவிடுகிறது. முன்பு நாற்பது நிமிஷம் தாங்கியது, இப்போது இருபத்தைந்து. நமக்கு வியர்த்தால் டேபிள் ஃபேனை நம் முகத்தைப் பார்த்துத்தானே வைப்போம், அப்படியே உள்ளே பார்த்துத்தான் மாட்டியிருக்கிறார். வேறென்ன தப்பு இருக்கும்? இது ஒன்று சரியாகிவிட்டால் மற்ற நாலையும் மாற்றிவிடலாம் என்கிறார்.

வெள்ளிக்கிழமை மகாதேஸ்வரருக்கு வேண்டிக்கொண்டேன்.

லீலா


மஸ்கட்
6-8-1996

அன்புள்ள லீலாவுக்கு, நான் நலம். இந்தக் கடிதத்தைச் சிரித்துக்கொண்டு தொடங்குகிறேன். எப்படி முடிப்பேன் என்று தெரியவில்லை.

முதலில் வேலை. மனிதனுக்குக் காற்று முகத்தில் பட வேண்டும். மெஷினுக்கு வயிற்றிலுள்ள சூடு வெளியே போக வேண்டும். சூடு மேலே ஏறும். மேலே இருக்கும் ஃபேன் அதை வெளியே தள்ள வேண்டும், கீழ்த் துவாரம் குளிர்ந்த காற்றை இழுத்துக்கொள்ளும். ஃபேனை உள்ளே பார்த்து மாட்டினால் ஏறுகிற சூட்டை மண்டையில் அடித்து உட்கார வைத்தது போல ஆகும். ஃபேனின் பக்கவாட்டில் இரண்டு அம்பு இருக்கும். ஒன்று இறக்கை சுற்றும் திசை, மற்றது காற்று போகும் திசை. இரண்டாவதுதான் வேண்டும், அது வெளியே பார்க்கட்டும். சந்தேகம் இருந்தால் ஒரு ஊதுவத்தி பற்றவைத்துக் காட்டச் சொல். மேலேயும் காட்டு, கீழேயும் காட்டு. புகை போகிற வழிதான் காற்றின் வழி. அது பொய் சொல்லாது.

இனி, சென்னப்பனிடம் எனக்காக ஒன்று கேள். ஒரு ஜெராக்ஸ் மெஷினில் எதற்கய்யா அஞ்சு ஃபேன்? அந்த ஜெராக்ஸ் மெஷினில் காசு போடுகிற ஓட்டை இருக்கிறதா?

லீலா, நான் கோபமாக இல்லை. ஆனால் போர்டு போன மெஷினுக்கு ஃபேன் போடுவது செத்தவனுக்கு விசிறுவது போல. உன் உழைப்பை வீணாக்காதே.

கந்தசாமி


மைசூர்
19-8-1996

மாமாவுக்கு லீலாவின் நமஸ்காரம். பிள்ளையும் நானும் நலம். நீங்கள் நலமாகவும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது பொறுமையாகவும் இருக்க வேண்டுகிறேன்.

மெஷின்களை விற்கவில்லை. இரும்புக்காரரைக் கூப்பிடவே இல்லை. சென்னப்பனின் ஜெராக்ஸ் மெஷினுக்கு ஒரு நோயும் கிடையாது.

நடந்ததைச் சொல்கிறேன். விற்கச் சொல்லி உங்கள் கடிதம் வந்த வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணிக்குக் கரண்ட் போய் நாலு மணிக்கு வந்தது. துடைத்துவைக்கலாம் என்று போனவள் சும்மா மூன்றாம் நம்பர் மெஷினின் ஸ்விட்சைப் போட்டேன். படம் பளிச்சென்று வந்தது. நாற்பது நிமிஷம் கழித்துக் கோடுகோடாகக் கலைந்தது. அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுத்து மறுபடி போட்டேன். மறுபடி வந்தது. நின்ற மெஷினை நாம் மறுபடி போட்டுப் பார்த்ததே இல்லை. போர்டு செத்திருந்தால் எப்படி எழுந்துவரும்? நீங்கள் விட்டுப்போன கைக்கடிகாரத்தை வைத்து மூன்று நாள் பார்த்தேன். நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பது. ஐந்துக்கும் இதே கதை.

பின்பக்கக் கதவைத் திறக்கக் கூடாது, பிக்சர் டியூப் ஷாக் அடித்துவிடும் என்று பம்பாய்க்காரர் சொன்னதை நம்பி நாம் ஒரு நாளும் திறந்ததில்லை. பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் கழித்து, டியூப் பக்கம் கை போகாமல் திறக்கலாம் என்று சென்னப்பன் சொன்னார். திறந்தேன். ஐந்து மெஷினிலும் ஃபேன் கெட்டியாக நின்றிருந்தது.

ஊதுவத்தி வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தோம். நான் வத்தியோடு பின்பக்கம் உட்கார்ந்ததும் சென்னப்பன், "அக்கா, பூஜை முடிஞ்சுதுங்களா? தேங்கா ஒடச்சிரட்டுங்களா?" என்று கேலி செய்தார். மேலே காட்டியபோது புகை உள்ளே போனது. ஃபேனைத் திருப்பி மாட்டினேன். இப்போது புகை வெளியே அடித்தது. பிறகு கீழே, காற்றுத் துவாரத்தில் காட்டினேன். புகை நூல் பிடித்தது போல உள்ளே போய், மேலே ஃபேன் வழியாக வெளியே வந்தது. சென்னப்பனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேறொன்றும் இல்லை.

மூன்றாம் நம்பர் மறுநாள் காலை பத்து மணியிலிருந்து மாலை ஏழு வரை நிற்காமல் ஓடியது. மற்ற நாலுக்கும் அதே போலப் புஷ் ஃபேன் வாங்கி மாட்டினேன், அவையும் ஓடின. போர்டு போகவில்லை மாமா. எந்தப் போர்டும் போகவில்லை.

ஃபேன் ஏன் நின்றது என்று கேட்பீர்கள். ரோட்டுத் தூசிதான். அசோகா ரோட்டில் பஸ் கிளப்புகிற தூசி உங்களுக்குத் தெரியாதா? பழுப்பாகப் பிசுபிசுவென்று இறக்கையில் அப்பியிருந்தது. சோனியாவுக்குக் கொஞ்சம் இருமல், அதனால் வத்தியை இப்போது வாசல்படிக்கு வெளியே வைக்கிறேன். பூஜை நிற்கவில்லை.

இன்னொன்று. தசரா எக்ஸிபிஷனில் ஒரு ஸ்டால் எடுத்திருக்கிறேன். ஐந்து மெஷினும் அங்கே ஓடினால் கடையைக் கேட்க மாட்டேன் என்று கௌரம்மா சொல்லிவிட்டார். ஓடாவிட்டால் அரைப்பரீட்சை லீவில் டி.சி. வாங்கிக்கொண்டு கௌதள்ளிக்குப் போகிறேன், நீங்களும் கையெழுத்துப் போடுங்கள், வாய் திறக்க மாட்டேன். தகர ஷெட்டில் புஷ் ஃபேன் தாங்காது. பேரிங் ஃபேன் அங்கே கிடைக்குமா? லீவில் வந்திருக்கும் கௌதள்ளி மாரிசாமி இருபத்தெட்டாம் தேதி மஸ்கட் திரும்புகிறார். அளவு பார்க்கப் பழைய ஃபேன் ஒன்றை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கழுவித்தான் அனுப்புகிறேன்.

உங்கள் லீலா


மைசூர்
22-9-1996

மாமாவுக்கு வணக்கம். நாங்கள் நலம். உங்கள் நலம் தெரியவில்லை.

மாரிசாமி ஃபேனை முப்பதாம் தேதியே உங்கள் கையில் கொடுத்துவிட்டதாகத் தன் வீட்டுக்கு எழுதியிருக்கிறார். அதன் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. காய்ச்சலா? கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுதுங்கள்.

ஸ்டாலுக்குத் தகரம் போட்டுவிட்டார்கள். மெஷின்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். இரண்டாம் நம்பர் ஃபேன் நேற்றே ஆட ஆரம்பித்துவிட்டது.

போஸ்ட்மேன் என்னைக் கண்டால் தூரத்திலேயே கையை விரிக்கிறார்.

லீலா


மஸ்கட்
30-9-1996

லீலா,

நலம். மாரிசாமியின் அறையில் இருக்கும் ஒருவர் ஊருக்கு வருகிறார். அவரிடம் ஆறு ஃபேன். ஐந்து மெஷினுக்கு, ஒன்று கைவசம். எல்லாம் பேரிங். அம்பு பார்த்து மாட்டு.

கந்தசாமி


மைசூர்
28-10-1996

மாமாவுக்கு லீலாவின் அன்பு வணக்கம். இருவரும் நலம், நலத்துக்கு மேலே நலம்! உங்கள் துண்டுச்சீட்டில் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு சொல்லுக்கு மேல் இல்லை. அதற்குச் சண்டை நேரில் வைத்துக்கொள்கிறேன். இன்று சொல்ல நிறைய இருக்கிறது.

ஃபேன்கள் ஐந்தாம் தேதி வந்தன. ஒவ்வொன்றையும் வாயால் ஊதிப் பார்த்தேன். ஊதுவதை நிறுத்தி இருபது எண்ணும்வரை சுற்றியது. சோனியா எண்ணினாள். ஒரே மாலையில் ஐந்தையும் நானே மாட்டினேன். சென்னப்பன் ஸ்க்ரூவை மட்டும் எடுத்துக் கொடுத்தார். வத்தி காட்டி ஒவ்வொன்றாகப் பார்த்து, பிறகுதான் பின்கதவை மூடினேன்.

ஸ்டால் ஓடுகிறது மாமா. மாலை நாலு மணியிலிருந்து ஒன்பது வரை, ஐந்து மெஷினும், ஒரு நாள்கூட, ஒரு மெஷின்கூட நிற்கவில்லை. அரண்மனை விளக்கு பார்க்க வந்த கூட்டமெல்லாம் அப்படியே நம் ஸ்டாலுக்கு வந்து நிற்கிறது. கார் ஓட்டும் மெஷினுக்கு வரிசை அப்பளக் கடைவரை போகிறது. அப்பளக்காரர் முதலில் சண்டைக்கு வந்தார். வரிசையில் நிற்பவர்கள் அப்பளம் வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும், "வரிசை வளையாம பாத்துக்கம்மா" என்று அவரே ஒழுங்குபடுத்துகிறார். குண்டலுபேட்டையிலிருந்து டெம்போவில் வந்த குடும்பம் ஒன்றில் தாத்தாவும் கார் ஓட்டினார். மூன்று தடவை மரத்தில் மோதிவிட்டு, ரோடு சரியில்லை என்றார்.

கேளுங்கள், இதுதான் முக்கியம். எதிர் வரிசையில் பெங்களூர்க்காரர் ஒருவர் நாலு புது மெஷின் வைத்திருக்கிறார். பெரிய திரை, என் உயரத்துக்கு ஸ்பீக்கர். முதல் நாளே நம் மெஷின்களைப் பார்த்து, "மியூசியம் ஸ்டால் அந்தப் பக்கம் இல்லீங்களா மேடம்?" என்றார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் பொங்குகிற நேரத்தில், ஆறு மணிக்கு அவருடைய நாலும் வரிசையாக நின்றன. அவரிடம் காயின் வாங்கியிருந்தவர்களெல்லாம் கத்தினார்கள். பத்து நிமிஷம் பார்த்தேன். பிறகு ஒரு வத்தியைப் பற்றவைத்துக்கொண்டு போனேன்.

"என்ன மேடம், திருஷ்டி கழிக்க வந்தீங்களா?"

"திருஷ்டி இல்லீங்க. காத்து எங்கே மாட்டிக்கிச்சுன்னு பாக்குறேன்" என்றேன்.

மூன்று மெஷினை முதுகு தார்ப்பாயில் ஒட்டும்படி தள்ளி வைத்திருந்தார்! புகை திரும்பி வந்து என் கண்ணிலேயே பட்டது. ஒரு முழம் முன்னால் இழுக்கச் சொன்னேன். நாலாவதில் ஃபேன் பிடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் அனுப்பிய ஆறாவதை எடுத்து வந்து மாட்டினேன். ஏழு மணிக்கு நாலும் ஓடின. எல்லாரும் கை தட்டினார்கள். அந்த மனிதர் தன் ஸ்டாலிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எனக்குப் போட்டுவிட்டுப் போனார். முதல் நாளிலிருந்தே நான் நின்றுகொண்டே இருப்பதை அவர் பார்த்திருக்கிறார்.

இப்போது எக்ஸிபிஷன் முழுவதும் என் பெயர் வத்தி அக்கா. பாப்கார்ன் மெஷின்காரர், ஐஸ்கிரீம் பெட்டிக்காரர், எல்லாரும் கூப்பிடுகிறார்கள். எக்ஸிபிஷன் முடிந்ததும் ஊரில் இருக்கும் மற்ற வீடியோ கேம்ஸ் கடை மூன்றிலும் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆயுத பூஜையை ஸ்டாலிலேயே செய்தோம். மெஷின்களைத் துடைத்து, முன்பக்கம் சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தேன். வத்தி ஸ்டாலுக்கு வெளியே. கௌரம்மா வந்து விளையாடினார். விண்கலத்தில் உட்கார்ந்து எதிரியைச் சுடாமல், "அய்யோ, பாவம், பாவம்" என்று எல்லாவற்றையும் தப்பிக்க விட்டார். போகும்போது, "கடையோட இன்னொரு சாவியும் என்கிட்ட இருக்கு, அதையும் நீயே வெச்சுக்கோ லீலா" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு சாவியும் என்னிடம் இருக்கிறது. டி.சி. வாங்கவில்லை.

நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா?

உங்கள் லீலா


மஸ்கட்
14-11-1996

என் அன்பு லீலாவுக்கு, கந்தசாமி எழுதுவது. உடம்பு நலம். மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி மாரிசாமி உன் பொட்டலத்தைக் கொடுத்தான். எங்கள் அறையில் எட்டுப் பேர். கட்டிலில் உட்கார்ந்து பிரித்தேன். மேல் கட்டிலில் படுத்திருந்த ராமநாதபுரத்துக்காரர் எழுந்து உட்கார்ந்து, "யாருப்பா ஊதுவத்தி பத்த வெச்சது?" என்று கேட்டார்.

யாரும் பற்ற வைக்கவில்லை. நீ கழுவித்தான் அனுப்பியிருந்தாய். இறக்கை பளபளவென்று இருந்தது. ஸ்டிக்கரைக் கிளப்பிப் பார்த்தேன். புஷ்ஷுக்குள் தேன்பாகு போலப் பழுப்பாக இறுகியிருந்தது. மோந்து பார்த்தேன். நம் கடை. காலை பத்து மணி. சந்தன வத்தி.

ரோட்டுத் தூசியில் சந்தன வாசம் வராது, லீலா.

மெஷினுக்கு இரண்டு வத்தி. நான் மூன்று வருஷம், என் சொல் கேட்டு நீ இரண்டரை வருஷம். அந்தத் துவாரம் காற்றை இழுக்கிற இடம் என்று உனக்குக் கடிதத்தில் பாடம் எழுதினேனே, எழுதும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஓட்டல் ஓட்டலாக ஏ.சி. பார்த்தவன், என் மெஷின்களின் மூக்கில் தினமும் என் கையாலேயே புகை போட்டிருக்கிறேன். பிறகு போர்டு போய்விட்டது என்று ஊரைவிட்டு வந்து, மூன்று வருஷமாக அடுத்தவன் வீட்டைக் குளிர வைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு எழுத உட்கார்ந்தேன். நாலு தடவை உட்கார்ந்தேன். "நலம்" என்பதற்கு மேல் கை ஓடவில்லை. அதனால் ஃபேனை மட்டும் அனுப்பினேன்.

உனக்குத் தெரியும். புகை உள்ளே போய் மேலே வந்தபோதே தெரிந்திருக்கிறது. வேறொன்றும் இல்லை என்று எழுதிவிட்டு, பிள்ளைக்கு இருமல் என்று வத்தியை வாசலுக்கு மாற்றினாய். சோனியாவுக்கு இருமல் இல்லை. எனக்கு அவமானம் வேண்டாம் என்று நினைத்தாய். அது புரிய எனக்கு ஐந்து வாரம் ஆனது.

உன் கடிதத்தை அறையில் சத்தமாகப் படித்தேன். நாற்காலி வந்த இடத்தில் ராமநாதபுரத்துக்காரர் கட்டிலைத் தட்டினார். இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார்கள், படித்தேன். "வத்தி அக்கா வூட்டுக்காரரு" என்றுதான் இப்போது இங்கே என்னைக் கூப்பிடுகிறார்கள். பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது.

கையெழுத்துப் போடவில்லை. மானேஜர் இரண்டு தடவை காகிதத்தை நீட்டினார். என் மனைவி மைசூரில் கம்பெனி நடத்துகிறாள், அங்கே மெக்கானிக் வேலை காலி என்றேன். டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி புறப்படுகிறேன். பெட்டியில் உனக்கும் சோனியாவுக்கும் துணி, அவளுக்குத் தனியாக மூன்று பென்சில், மீதி இடம் முழுவதும் பேரிங் ஃபேன்.

சென்னப்பனுடைய ஜெராக்ஸ் மெஷினை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்.

அந்த மூன்று கடைக்கும் ஜனவரி முதல் வாரம் வருகிறோம் என்று சொல்லிவை. நீ பின்கதவைத் திற, நான் பக்கத்தில் வத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

கந்தசாமி